மூலையில் ஒரு நட்சத்திரம்

போன வாரம் பரணைச் சுத்தம் பண்ணச் சொல்லி தங்கமணி உத்தரவு. ஏறிப் பார்த்தா, கொலு பொம்மைப் பெட்டிக்குப் பின்னாடி நம்ம பழைய பென்டியம்! 1998-ல ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட் பார்ட்டா வாங்கி நானே கையால பூட்டின அசெம்பிள்டு மெஷின். "காயலான் கடைக்குப் போட்டுடுங்க"ன்னாங்க. போடறதுக்கு முன்னாடி உசிரு இருக்கான்னு பார்த்துடுவோமேன்னு தூசியைத் தட்டி, மானிட்டரை மாட்டி, ஸ்விட்சைப் போட்டேன்.

அட, இருக்கு! ஒரு பீப். கறுப்புத் திரை. ராம் எண்ணிக்கை கடகடன்னு ஓடுது. வலது பக்க மேல் மூலையில மஞ்சளும் பச்சையுமா ஒரு நட்சத்திரம், பக்கத்துல கிறுக்கல் எழுத்துல 'எனர்ஜி', அதுக்குக் கீழே பொடி எழுத்துல 'ஈ.பி.ஏ. பொல்யூஷன் ப்ரிவென்டர்'. தொண்ணூறுகள்ல கம்ப்யூட்டரைத் தொட்டவங்க யாருக்கும் இந்தப் படம் மறந்திருக்காது. விண்டோஸ் வர்ற வரைக்கும் அதைத்தானே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தோம்.

அந்தக் காலத்துல ஆபீஸ் முடிஞ்சு வந்து தெரிஞ்சவங்களுக்கு மெஷின் பூட்டிக் கொடுக்கறது எனக்கு ஒரு பக்க வருமானம். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்காரர், கம்ப்யூட்டர் சென்டரா மாத்தறேன்னு ஆறு மெஷின் கேட்டார். பூட்டி முடிச்சு ஆன் பண்ணினதும், "என்ன தம்பி இது, மூலையில ஸ்டார்?"ன்னார். எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொன்னா மதிப்பு போயிடுமே! "அமெரிக்காக்காரன் கொடுக்கற ஐ.எஸ்.ஐ. முத்திரை சார்"னு அடிச்சு விட்டேன். அவரும் திருப்தியா தலையாட்டினார். அடுத்து நான் செஞ்ச வேலை இருக்கே, அதைக் கடைசியில சொல்றேன். கொஞ்சம் வெட்கமான சமாச்சாரம்.

இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் அந்த நட்சத்திரம் எங்கேர்ந்து வந்ததுன்னு தேடிப் படிச்சேன். ஐ.எஸ்.ஐ. மாதிரி எல்லாம் இல்லை. எந்தச் சட்டமும் கேட்காம, கம்பெனிகள் தானா முன்வந்து அரசாங்கத்தோட போட்டுக்கிட்ட ஒரு ஒப்பந்தத்தோட அடையாளம் அது. அமெரிக்காவில 1991, 92-ல இந்த மாதிரி 'தன்னார்வக் கூட்டு' திட்டங்கள் வரிசையா முளைச்சிருக்கு. ஏன் திடீர்னு அப்போன்னு நூல் பிடிச்சுப் பின்னாடி போனா, அந்த நூல் நம்ம போபால்ல போய் நிக்குது. சத்தியமா எதிர்பார்க்கலை.

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு. யூனியன் கார்பைட் தொழிற்சாலைத் தொட்டியில இருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறி ஊருக்குள்ள இறங்கினது. செத்தவங்க எண்ணிக்கை இன்னிக்கும் சண்டையா இருக்கு. ஆயிரக்கணக்குல என்பதில் மட்டும் சண்டை இல்லை. என்னை உறுத்தறது வேற ஒண்ணு. அந்தச் சுவரை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவங்களுக்கு உள்ளே என்ன இருக்குன்னே தெரியாது. ஈரத்துணியை முகத்துல கட்டிக்கணும், காத்தடிக்கற திசையில ஓடக்கூடாதுன்னு சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஓடினாங்க. ஓட ஓட மூச்சு வாங்கும், மூச்சு வாங்க வாங்க வாயு உள்ளே போகும்.

இதே வேதிப்பொருளைத் தயாரிச்ச இன்னொரு கார்பைட் ஆலை அமெரிக்காவில மேற்கு வர்ஜீனியா மாநிலத்துல, இன்ஸ்டிட்யூட் என்ற ஊர்ல இருந்தது. (ஆமாங்க, ஊர் பேரே அதுதான்.) போபாலுக்கு அப்புறம் அந்த ஊர் மக்களுக்கு வயித்தைக் கலக்காம இருக்குமா? எட்டே மாசம். 1985 ஆகஸ்ட் 11-ம் தேதி அங்கேயும் கசிவு. வேற வாயு, உயிர்ச்சேதம் இல்லை, ஆனா 130 பேருக்கு மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. இது இந்தியாவில மட்டும்தான் நடக்கும்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

1986 அக்டோபர்ல ஜனாதிபதி ரீகன் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அவசரகாலத் திட்டமிடல் மற்றும் சமூகத்தின் அறியும் உரிமைச் சட்டம். கட்டுப்பாடுன்னா அலர்ஜியான மனுஷன் ரீகன். அவரே போட்டார்ங்கறதை கவனிங்க. அந்தச் சட்டத்துக்குள்ள 313-ன்னு ஒரு பிரிவு. அது எந்த ஆலையையும் மூடச் சொல்லலை, எந்தப் புகைக்கும் வரம்பு கட்டலை. முந்நூத்துச் சொச்சம் நச்சுப் பொருள்களைப் பட்டியல் போட்டு, 'இதுல நீ எதை எவ்வளவு காத்துல விட்டே, தண்ணில விட்டே, மண்ணுல புதைச்சே, வருஷா வருஷம் எழுதிக் கொடு'ன்னது. அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததைக் கம்ப்யூட்டர் வழியா பொது மக்கள் பார்க்கற மாதிரி வைக்கணும்னும் அந்தச் சட்டமே சொல்லிடுச்சு. 1986-ல! நாம எல்லாம் ஃப்ளாப்பியே பார்த்திராத காலம்.

1987-ம் வருஷக் கணக்கைக் கொடுக்கக் கடைசி நாள் 1988 ஜூலை 1. கணக்கு எழுத உட்கார்ந்தப்பதான் பல கம்பெனி முதலாளிகளுக்கே தங்கள் ஆலை எவ்வளவு கக்குதுன்னு முதல் தடவையா மொத்தமாத் தெரிஞ்சது. மான்சாண்டோ தலைவர் ரிச்சர்ட் மஹோனி, கணக்கு ஊருக்குத் தெரியறதுக்குள்ள தானே முந்திக்கிட்டு, காத்துல விடற நச்சை 1992 முடிவுக்குள்ள 90 சதவீதம் குறைப்போம்னு அறிவிச்சார். யாரும் கேட்கலை. சட்டம் கேட்கலை. நாளைக்குப் பேப்பர்ல நம்ம பேரு பெரிய எழுத்துல வரப்போகுதுங்கற பயம் போதுமா இருந்தது.

1989-ல அந்த முதல் கணக்கு பொதுவில் வந்தது. அதே 1989-ல கார்பைட் 47 கோடி டாலர் கொடுத்து போபால் வழக்கை முடிச்சுக்கிட்டது. போபால் செத்ததால அமெரிக்காக்காரனுக்குத் தன் பக்கத்து ஆலையில என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கற உரிமை கிடைச்சது. போபால்காரனுக்கு என்ன கிடைச்சதுன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம். 1991 பிப்ரவரி. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின், அதாவது நம்ம நட்சத்திரத்துல வர்ற ஈ.பி.ஏ.வின் தலைவர் வில்லியம் ரெய்லி. கையில இப்போ ஊர் ஊரா, ஆலை ஆலையா கணக்கு இருக்கு. அதிலிருந்து 17 பொருளைப் பொறுக்கினாங்க: காரீயம், பாதரசம், காட்மியம், நிக்கல், பென்சீன், பெயின்ட் தின்னர்ல வர்ற டொலுயீன், சைலீன், டிரை க்ளீனிங்ல போடற பெர்க்ளோரோஎத்திலீன் இப்படி. குரோமியமும் உண்டு; தோல் பதனிடுதலும் பாலாறும் ஞாபகம் வர்றவங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. 1988-ல இந்தப் பதினேழும் சேர்ந்து சுமார் 150 கோடி பவுண்டு, கிட்டத்தட்ட 6.8 லட்சம் டன். இதை 1992-க்குள்ள 33 சதவீதம், 1995-க்குள்ள 50 சதவீதம் குறைக்கணும். அதனால திட்டத்துக்குப் பேரே '33/50'.

சேர என்ன செய்யணும்? ஒரு லெட்டர் எழுதினாப் போதும். எவ்வளவு குறைக்கப் போறேன்னு நீயே சொல்லு, எப்படின்னு நீயே முடிவு பண்ணு. செய்யலைன்னா அபராதம் இல்லை. செஞ்சா ஒரு பாராட்டுச் சான்றிதழ். ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்குக் கொடுப்பாங்களே, அது மாதிரி :-)

அழைப்பு பல ஆயிரம் கம்பெனிகளுக்குப் போனது. சேர்ந்தது சுமார் 1,300. ஆனா 50 சதவீத இலக்கை 1994-லேயே, ஒரு வருஷம் முன்னாடியே எட்டிட்டாங்க! அரசாங்கத் திட்டம் ஒண்ணு கெடுவுக்கு முன்னாடி முடியறதை நீங்க எத்தனை தடவை கேள்விப்பட்டிருப்பீங்க?

இங்கே நானும் முதல்ல கை தட்டிட்டேன். அப்புறம்தான் கணக்கை நோண்டினேன். அடிப்படை வருஷம் 1988. திட்டம் ஆரம்பிச்சது 1991. அப்போ நடுவுல 89-லயும் 90-லயும் குறைஞ்சதெல்லாம் யார் கணக்கு? அதுவும் 33/50 கணக்குலதான். திட்டத்துல சேராத கம்பெனிகள் குறைச்சது? அதுவும் இதே மொத்தத்துலதான். பதினேழு பொருள்ல கார்பன் டெட்ராக்ளோரைடும் ட்ரைக்ளோரோஈத்தேனும் ஓசோனை ஓட்டை போடுதுன்னு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி எப்படியும் ஒழிக்க வேண்டிய பொருள்கள். அதைக் குறைச்சதுல விருப்பம் எங்கே வந்தது? போதாததுக்கு 1990-ல தூய காற்றுச் சட்டத்தை வேற இறுக்கியிருந்தாங்க. வரப்போற விதிகள் எல்லாக் கம்பெனி வக்கீலுக்கும் தெரியும்.

அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அலுவலகம் 1994-லேயே இதைச் சுட்டிக் காட்டிடுச்சு. இதுல ஒரு பொருளாதாரப் பேராசிரியர் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இல்லினாய் பல்கலைக்கழகத்துல மது கன்னா. 1999-ல இன்னொருத்தரோட சேர்ந்து ரசாயனக் கம்பெனிகளை எடுத்து ஆராய்ஞ்சு, திட்டத்தால நச்சு நிஜமாவே குறைஞ்சதுன்னு எழுதினார். 2007-ல வேறொரு ஆய்வாளரோட மறுபடி கணக்கைப் பிரிச்சுப் பார்த்து, ஏற்கனவே இறங்கிக்கிட்டு இருந்த போக்குதான் தொடர்ந்திருக்கு, திட்டத்தில் சேர்ந்ததால தனியா குறைஞ்சதுன்னு சொல்ல முடியலைன்னு எழுதினார். தான் எழுதினதைத் தானே திரும்பிப் பார்க்கற ஆட்கள் எத்தனை பேரு? பதிவர்கள்ல ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம், என்னையும் சேர்த்துத்தான் :-)

அப்போ 33/50 டுபாக்கூரா? எனக்கு அப்படித் தோணலை. குறைஞ்சது நிஜம். எதனால குறைஞ்சதுங்கறதுதான் கேள்வி. என் பார்வையில சான்றிதழ் குறைக்கலை, 313-ம் பிரிவு குறைச்சது. வருஷா வருஷம் உன் பேரு போட்டுக் கணக்கு வெளிவரும்னு கட்டாயம் இருந்ததாலதான், 'நானா குறைக்கறேன்'னு கடிதம் எழுதறதுக்கு ஒரு அர்த்தம் வந்தது. கணக்கு கேட்காத இடத்துல எழுதற கடிதத்துக்கு என்ன மதிப்பு?

இனிமே கரண்ட் பக்கம் போவோம். நச்சுக்காவது சட்டம் இருந்தது. ஆபீஸ்ல ட்யூப் லைட் எந்த ரகம் போடணும்னு சொல்ல ஈ.பி.ஏ.வுக்கு அதிகாரமே கிடையாது. ஆனா அந்த ட்யூப் லைட்டுக்கான கரண்ட் நிலக்கரியில இருந்து வருது, புகை வானத்துக்குப் போகுது. ஜான் ஹாஃப்மன்னு ஒரு அதிகாரி. ஓசோன், பருவநிலை வேலைகள்ல ஊறினவர். 1991 ஜனவரியில 'க்ரீன் லைட்ஸ்' வந்ததுல அவருக்குப் பெரிய பங்கு. கம்பெனி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும்: எங்க கட்டடங்களை எல்லாம் சர்வே பண்ணுவோம், லாபம் வர்ற இடத்துல மட்டும், வெளிச்சம் குறையாம, விளக்கை மாத்துவோம், ஐந்து வருஷத்துல 90 சதவீத இடத்தை முடிப்போம். 'லாபம் வந்தா மட்டும்'னு எழுதியே கொடுத்துட்டாங்க. நம்ம வீட்ல இருந்ததே, குண்டு ட்யூபும் சூடாகி 'ங்ங்ங்'னு கத்தற இரும்பு சோக்கும், அதைக் கழட்டிட்டு ஒல்லி ட்யூபும் எலெக்ட்ரானிக் சோக்கும் மாட்டறதுதான் முக்கால்வாசி வேலை.

லாபம்னா ஏன் அவங்களே செய்யலைன்னு கேட்கத் தோணுதில்ல? வாடகை வீட்டை நினைச்சுக்குங்க. ஹவுஸ் ஓனர் மலிவு கீசரை மாட்டுவார், கரண்ட் பில் கட்டறது நாம. அவர் ஏன் நல்ல கீசர் வாங்கணும்? பெரிய கம்பெனியிலயும் இதே கூத்து. லைட் வாங்கறது ஒரு டிபார்ட்மென்ட், பில் கட்டறது இன்னொண்ணு. பராமரிப்பு ஆள் நல்ல சோக் கேட்டா, பட்ஜெட் இல்லைன்னு பைலைத் திருப்பி அனுப்புவாங்க. மேலிடத்துல ஒரு பெரிய தலை கையெழுத்துப் போட்ட காகிதம் கையில இருந்தா அந்த ஆளுக்கு ஒரு பலம். பொறியாளர் வேலையை விட இது ஆபீஸ் அரசியல் வேலை, அதைப் புரிஞ்சு செஞ்சிருக்காங்க.

(குழாயில போறது காசுன்னு கம்பெனிக்காரங்களே கண்டுபிடிச்ச கதையும் உண்டு. 3எம் கம்பெனியில சீனாவில் பிறந்த பொறியாளர் ஜோசஃப் லிங் 1975-லேயே 'மாசைத் தடுத்தால் லாபம்'னு திட்டம் போட்டவர். அது தனிப் பதிவுக்கு ஆகும்.)

க்ரீன் லைட்ஸ் ஓடின தெம்புல 1992-ல எனர்ஜி ஸ்டார். முதல் பொருளே கம்ப்யூட்டரும் மானிட்டரும்தான். அப்போ பெட்டியும் டப்பா மானிட்டரும் சேர்ந்து 100 வாட்டுக்கு மேல தின்னும். பாதி நேரம் முன்னாடி ஆளே இருக்க மாட்டாங்க. லேப்டாப்புல மட்டும் பேட்டரியைக் காப்பாத்த 'தூங்க வைக்கற' வித்தை ஏற்கனவே இருந்தது. அதையே மேஜை கம்ப்யூட்டர்ல போடுங்க, சும்மா இருக்கும்போது பெட்டி 30 வாட், மானிட்டர் 30 வாட்டுக்குள்ள இறங்கணும், இறங்கினா இந்த நட்சத்திரத்தை ஒட்டிக்கலாம்னாங்க. ஐ.பி.எம்., ஆப்பிள், காம்பேக் எல்லாம் சேர்ந்தாங்க.

(இடைச்செருகல்: ஸ்க்ரீன் சேவர் கரண்டை மிச்சம் பண்ணும்னு நம்பினவங்க கை தூக்குங்க. அந்தக் குழாய் குழாயா வளரும் படம் ஓடும்போது மானிட்டர் முழு கரண்டைத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தது.)

ஆனா நட்சத்திரம் உலகம் பூரா பரவினதுக்குக் காரணம் நல்லெண்ணம் மட்டும்னு நினைக்காதீங்க. 1993 ஏப்ரல்ல க்ளின்டன் ஒரு ஆணை போட்டார்: மத்திய அரசு அலுவலகங்கள் இனிமே எனர்ஜி ஸ்டார் தகுதி உள்ள கம்ப்யூட்டர், மானிட்டர், பிரின்டர்தான் வாங்கணும். உலகத்திலேயே அதிகமா கம்ப்யூட்டர் வாங்கற ஆள் அமெரிக்க அரசாங்கம். அவ்வளவு பெரிய வாடிக்கையாளர் 'இது இருந்தாதான் வாங்குவேன்'னா அது விருப்பத் திட்டமா, கட்டாயமா? கம்பெனிக்காரன் அரசாங்கத்துக்கு ஒரு மாடல், மத்தவங்களுக்கு ஒரு மாடல்னு செய்யறதை விட எல்லாத்துலயும் போட்டுடலாம்னு முடிவெடுப்பான். மதர்போர்டு பண்ற தைவான்காரனும் போடுவான். அப்படித்தான் வாஷிங்டன்ல போட்ட ஒரு ஆணை, இங்கே யாரும் எதுலயும் கையெழுத்துப் போடாமலே, அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மேஜைக்கு வந்து மினுக்கினது.

நம்ம ஊர் ஃப்ரிட்ஜ்ல ஒட்டற நட்சத்திரமும் இதே தடத்துலதான் நடந்தது. 2006-ல விருப்பம் இருந்தா ஒட்டிக்கோன்னு ஆரம்பிச்சாங்க. 2010 ஜனவரியில ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், ஏ.சி., ட்யூப் லைட், மின்பகிர்வு ட்ரான்ஸ்ஃபார்மர் நாலுக்கும் கட்டாயம் ஆக்கிட்டாங்க.

அமெரிக்காவிலே கேள்வி கேட்காம விட்டா என்ன ஆகும்னு 2010-ல ஒரு சூப்பர் காமெடி. அதே தணிக்கை அலுவலகத்துக்காரங்க நாலு பொய்க் கம்பெனி ஆரம்பிச்சு, 20 பொய்ப் பொருளுக்கு எனர்ஜி ஸ்டார் கேட்டு விண்ணப்பிச்சாங்க. 15-க்குக் கிடைச்சிடுச்சு! அதுல ஒண்ணு பெட்ரோல்ல ஓடற அலாரம் கடிகாரம். இன்னொண்ணு 'அறைக் காற்றுச் சுத்திகரிப்பான்', அதாவது ரூம் ஹீட்டர் மேல இறகுத் துடைப்பத்தை ஒட்டி எடுத்த போட்டோ. வடிவேலு படத்துல கூட இப்படி வராது. கம்பெனிக்காரன் சொல்றதை அப்படியே நம்பினதோட பலன். அதுக்கப்புறம் 2011-ல இருந்து மூன்றாம் தரப்பு சோதனைக்கூடத்துல பரிசோதிச்சாதான் முத்திரைன்னு மாத்தினாங்க.

2025 மே மாசம் எனர்ஜி ஸ்டாரையே மூடப் போறாங்கன்னு செய்தி வந்தது. அதை வேண்டாம்னு சொல்லிக் கடிதம் எழுதினவங்கள்ல ஃப்ரிட்ஜ், ஏ.சி. பண்ற கம்பெனிக்காரங்களும் உண்டு. விருப்பத்துக்கு வந்தவங்க, விட மனசில்லாம நின்னாங்க.

இப்போ என் வெட்கக் கதை. அன்னிக்கு அந்த ஆறு மெஷினையும் பூட்டி, நட்சத்திரத்துக்கு ஐ.எஸ்.ஐ. விளக்கம் கொடுத்துட்டு, அடுத்து டெலீட் கீயை அமுக்கி பயாஸுக்குள்ள போனேன். பவர் மேனேஜ்மென்ட்னு ஒரு பக்கம் இருக்கும். அதை டிஸேபிள் பண்ணி சேவ் பண்ணினேன். ஆறுலயும். நான் பூட்டின எல்லா மெஷின்லயும் அதைத்தான் செஞ்சேன். ஏன்னா விண்டோஸ் 95 தூங்கினா எந்திரிக்காது, கஸ்டமர் ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு போன் பண்ணுவார், யார் போய் நிக்கறது? நான் மட்டும் இல்லை போல. கலிஃபோர்னியாவில லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்காரங்க ஆள் போன பிறகு ஆபீஸ் ஆபீஸா நுழைஞ்சு எண்ணிப் பார்த்திருக்காங்க. மானிட்டர்கள் பெரும்பாலும் சமர்த்தா தூங்கியிருக்கு. பெட்டிகள் பெரும்பாலும் முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

அந்த சென்டர்ல ஆறு மெஷினும் காலையில எட்டுல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஓடும். நாலஞ்சு வருஷம் ஓடிச்சு. எத்தனை யூனிட்டுன்னு பேப்பர்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன், பாதியில நிறுத்திட்டேன்.

நேத்து ராத்திரி பரண் மெஷின்ல டெலீட் கீயை அமுக்கி உள்ளே போனேன். பேட்டரி செத்துப் போனதால தேதி எல்லாம் ஏதோ பழைய வருஷத்தைக் காட்டுது. பவர் மேனேஜ்மென்ட் எனேபிள், பத்து நிமிஷம், சேவ். விண்டோஸ் வந்தது. காபி போட்டுக்கிட்டு வந்து பார்த்தா திரை கறுப்பு. சூப்பர், தூங்குது! மவுஸை ஆட்டினேன். கீபோர்டைத் தட்டினேன். ஸ்பேஸ் பார், என்டர், எல்லாம் பார்த்தாச்சு.

எந்திரிக்கவே இல்லை.